மேடம், ஒரு சந்தேகம்!

பதில் சொல்பவர்: அரசு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்து ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முதல் ஆண்டு படிக்கிறேன். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து படிக்க அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகிறேன். இரண்டு மூன்று நாள் ஓடுகிறது, பிறகு தூங்கிவிடுகிறேன். வீட்டு வேலை முடிந்து படுக்கவே பதினொன்றரை ஆகிவிடுகிறது. சாதித்தவர்கள் எல்லோரும் நான்கு மணிக்கு எழுகிறவர்கள் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்குச் சுயகட்டுப்பாடே கிடையாதா?
– கல்லூரி மாணவி, கோவில்பட்டி

பதில்: கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், பதினொன்றரை மணி என்று. விஷயமே அதில்தான் இருக்கிறது மகளே. பதினொன்றரைக்குப் படுத்தவள் நான்கு மணிக்கு எழவில்லை என்றால் அது உடம்பின் நியாயம். அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு.

நம் வீட்டுப் பெண்களுக்குக் கட்டுப்பாடு போதாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்பதும், தம்பியின் சீருடையை இஸ்திரி போட்டு வைப்பதும், பாட்டியின் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பதும் கட்டுப்பாடு இல்லாமலா நடக்கின்றன? அது உன்னிடம் வண்டி வண்டியாக இருக்கிறது. எல்லாமே பிறர் வேலைக்குச் செலவாகிறது, அவ்வளவுதான். உனக்கு வேண்டியது உன் பெயரில் ஒரு மணி நேரம். அது வீட்டில் கிடைக்காது என்றால் வெளியே தேடு. கடைசி பீரியடுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நூலகம் திறந்திருக்குமே, அங்கே உட்கார்.

அந்த நேரத்தில் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்காதே. ஒரு கணக்கை எடு, புத்தகத்தை மூடு, வெள்ளைத்தாளில் போடு. முட்டி நிற்கும் இடத்தில், எங்கே நின்றாய் என்று ஒரே வரியில் எழுது. "கணக்கு வரவில்லை" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "கபாசிட்டர் சார்ஜ் ஏற ஏற மின்னோட்டம் ஏன் குறைகிறது என்று புரியவில்லை" என்று எழுது. அப்படி எழுதும்போதே பாதி நேரம் விடை தெரிந்துவிடும்: கபாசிட்டரில் ஏறிய மின்னழுத்தம் பேட்டரியை எதிர்த்து நிற்கிறது, அதனால் ரெசிஸ்டரின் மேல் விழும் மின்னழுத்தம் குறைந்துகொண்டே போகிறது, அதோடு மின்னோட்டமும் குறைகிறது. தெரியாமல் போனால் அந்த வரியை எடுத்துக்கொண்டு மறுநாள் ஆசிரியர் அறைக்குப் போ. எங்களைப் போன்றவர்களுக்குச் சரியான கேள்வியோடு வரும் பிள்ளையை விரட்ட மனசு வராது.

கேள்வி: என் மகளுக்கு மெக்கானிக்கல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. உறவினர்கள் "பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மெக்கானிக்கல், கம்ப்யூட்டரில் சேர்" என்கிறார்கள். அவளிடம் உறுதி இருக்கிறது. எனக்குத்தான் பயம்.
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: 1940ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஒரு பெண் சேர்ந்தார். ஏ.லலிதா. பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கையில் நான்கு மாதக் குழந்தையோடு விதவை. அந்தக் காலத்து வீடுகளில் அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லலிதா மின் பொறியியல் படித்தார். அவருக்குத் துணையாக இன்னும் சில பெண்கள் வரட்டும் என்று கல்லூரி அழைப்பு விட, பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில்தான் அச்சடித்திருந்தார்கள். அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள்! லலிதா பிற்பாடு கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர்கள் தொடர்பான பணியில் ஈடுபட்டார். 1964ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய்வந்தார். திரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவே உயர்ந்தார்.

இந்தக் கதையை மேடைகளில் தன்னம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். வாங்கட்டும். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது லலிதாவின் அப்பாவைப் பற்றி. பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வரிடம் மகளுக்காகப் பேசியவர் அவர்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். லலிதாவின் உறுதி லலிதாவுடையது, சந்தேகமில்லை. ஆனால் உறுதியை மட்டும் கையில் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு வீடு ஒதுங்கிக்கொள்ளவில்லை. உங்கள் மகளிடம் உறுதி இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது உங்கள் பங்கு. உறவினர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்டாமல் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பித்தால், "நாங்கள் யோசித்துத்தான் சேர்த்தோம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் லேபில் மூன்று பேருக்கு ஒரு மேசை. என்னோடு இருக்கும் இரண்டு பையன்களும் கனெக்‌ஷன் கொடுப்பார்கள், மின் அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ.வைத் திருகுவார்கள். நான் அளவுகளை எழுதுவேன். "உன் கையெழுத்துத்தான் அழகு" என்கிறார்கள். பகைத்துக்கொள்ளவும் விருப்பமில்லை. என்ன செய்வது?
– இ.சி.இ. இரண்டாம் ஆண்டு மாணவி, ஈரோடு

பதில்: ஆஹா, அழகான கையெழுத்து! எத்தனை பெண்களை இந்த ஒரு பாராட்டைச் சொல்லியே ரெக்கார்டு நோட்டோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள் தெரியுமா? பையன்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார்கள், நீ விட்டுக்கொடுக்கிறாய். செய்முறைத் தேர்வன்று சீட்டு எடுத்து ஆளுக்கொரு சோதனையோடு தனித்தனி மேசைக்கு அனுப்புவார்களே, அப்போது உன் அழகான கையெழுத்து சர்க்யூட்டை வேலை செய்யவைக்காது.

நான் லேபில் வைத்திருந்த ஏற்பாடு மிகச் சாதாரணமானது. இந்த வாரம் கனெக்‌ஷன் கொடுத்தவர் அடுத்த வாரம் அளவெடுப்பார், அதற்கடுத்த வாரம் எழுதுவார். சுற்றிக்கொண்டே இருக்கும். "மேடம், என் கையெழுத்து புரியாது" என்று முனகிய பையன்களிடம், புரியும்படி எழுதிப் பழக இதுவே நல்ல வாய்ப்பு என்று சொல்லிவிடுவேன். உன் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பார். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், வகுப்பு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடு. மேசையில் முதலில் நிற்பவர் கைக்குத்தான் ஒயர் வரும்.

சி.ஆர்.ஓ.வைக் கண்டு பயமாக இருந்தால் இதிலிருந்து ஆரம்பி. முகப்பில், ஓரமாக ஒரு சின்ன உலோக முனை இருக்கும். அளவு சரிபார்ப்பதற்கென்று அதிலிருந்து சதுர அலை வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ். புரோபை, அதாவது சி.ஆர்.ஓ.வின் அளக்கும் ஒயரை, அதில் மாட்டு. திரையில் பெட்டி பெட்டியாகத் தெரிய வேண்டும். புரோப் பத்து மடங்கு (10X) நிலையில் இருக்கும்போது பெட்டியின் மூலை மழுங்கியோ கொம்பு முளைத்தோ தெரிந்தால், புரோபிலேயே இருக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்பு. மூலை நேராகிவிடும். இதைச் செய்யாமலேயே பட்டம் வாங்கிப் போன பையன்களை எனக்குத் தெரியும். நீ இதைச் செய்கிறவள் என்று தெரிந்துவிட்டால் மேசையில் உன் இடம் தானாக மாறும்.

கருவி என்றதும் அன்னா மாணி நினைவுக்கு வருகிறார். 1918ல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, பெங்களூரில் சி.வி.ராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் வெளியிடும் மங்கலான ஒளியைப் புகைப்படத் தட்டில் பிடிக்க வேண்டும். ஒரு தட்டுக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. இவ்வளவும் செய்து ஆய்வேடு கொடுத்தால், முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. 1945ல் லண்டன் போனார். போகும்போது மனதில் இருந்தது இயற்பியல், உதவித்தொகை கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய படிப்புக்கு. சரி என்று அதைப் படித்தார். 1948ல் திரும்பிவந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்வதற்காக, ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1976ல் ஓய்வுபெறும்போது துணைத் தலைமை இயக்குநர். கடைசிவரை பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இல்லை. அவர் அளந்துவைத்த சூரியக் கதிர்வீச்சுக் கணக்கு, சூரிய மின்சாரம் பற்றிப் பேசியவர்களுக்கெல்லாம் உதவியது.

கேள்வி: அப்படியானால் ராமன் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார் என்று சொல்வது பொய்யா? (போன மாதம் அன்னா மாணி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டுக் கேட்கிறேன்.)
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொய்யில்லை. 1933ல் கமலா சோஹோனி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்ற காரணத்துக்காகவே அதன் இயக்குநராக இருந்த ராமன் மறுத்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்ற பெண் அவர். நேரில் போய் விடாப்பிடியாக நின்றார். ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. 1939ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். அன்னா மாணி பெங்களூர் போனது இதற்கெல்லாம் பின்னால். ராமன் பெரிய விஞ்ஞானி. பெரிய விஞ்ஞானிகளும் சில விஷயங்களில் அக்கம்பக்கத்தாரைப் போலவே யோசித்தார்கள்.

கேள்வி: என் பேத்தி எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் "என்பிடெல் பாடம் தாத்தா" என்கிறாள். உண்மையா, கதையா?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், பாளையங்கோட்டை

பதில்: என்பிடெல் என்பது உண்மைதான் அண்ணாச்சி. ஐ.ஐ.டி.களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள், காசில்லாமல் பார்க்கலாம். வாரா வாரம் வீட்டுப்பாடம் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். உங்கள் பேத்தி பார்ப்பது அதுதானா என்பது எனக்கெப்படித் தெரியும்? போனைப் பிடுங்காதீர்கள். "இந்த வாரம் என்ன படித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று பக்கத்தில் உட்காருங்கள். படித்திருந்தால் உங்களை எழவிட மாட்டாள். படிக்காமல் இருந்தால் அவளே எழுந்து போய்விடுவாள்.

கேள்வி: பத்தாம் வகுப்போடு டிப்ளமோவில் சேர்ந்துவிட்டேன். பிளஸ் டூ படித்த தோழிகள் "இனிமேல் நீ இன்ஜினீயர் ஆக முடியாது" என்கிறார்கள்.
– பாலிடெக்னிக் மாணவி, திண்டுக்கல்

பதில்: தோழிகளுக்குத் தெரியவில்லை. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். என் மாணவிகள் பலர் அப்படிப் போனவர்கள்தான். கணக்கில் மட்டும் கவனமாக இரு. பி.இ.யில் சேர்ந்ததும் முதலில் இடறிவிடுவது அதுதான்.

கேள்வி: நான் செங்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பெரிய ஊரில் பிறக்காதவர்களுக்கு விண்வெளித் துறையெல்லாம் எட்டுமா?
– பிளஸ் ஒன் மாணவி

பதில்: நீ கேட்கிற இடம் அப்படி! சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, உங்கள் செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு 1987ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய அந்த விண்கலம், நான்கு மாதம் பயணம் செய்து, பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. சேர்ந்த வருஷத்தையும் ஏவிய வருஷத்தையும் கழித்துப் பார். இடையில் இருப்பது முப்பத்தாறு வருஷ வேலை. செய்தித்தாளில் படம் வருவது ஒருநாள் சங்கதி. உனக்கு அந்த முப்பத்தாறு வருஷ வேலை பிடிக்குமா என்று யோசி.

கேள்வி: புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் என் கணக்குக்கு வருகிறது. அம்மா அதை வீட்டுச் செலவுக்குக் கேட்கிறார். எனக்கு மல்டிமீட்டரும் பற்றவைக்கும் கருவியும் வாங்க ஆசை. தவறா?
– டிப்ளமோ மாணவி, இராமநாதபுரம்

பதில்: தவறில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிப்பதற்காகத்தான் அந்தப் பணம், 2022லிருந்து வருகிறது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதும் நிஜம். அம்மாவிடம் ஒளிக்காதே. ஒரு மாதப் பணத்தை மட்டும் கேள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பற்றுக்கோலும் ஈயமும் மிச்சப் பணத்தில் வந்துவிடும்.

வாங்கி வந்ததும் பிளக் பாயிண்டில் குத்திப் பார்க்காதே. மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கடிகாரத்தில் இருக்கும் பேட்டரியைக் கழற்றி அள. புதிது என்றால் 1.5க்குச் சற்று மேலேயே காட்டும். பிறகு வீட்டில் இருக்கும் பழைய ரிமோட், டார்ச், தம்பியின் பொம்மை எல்லாவற்றின் பேட்டரியையும் அளந்து, எது தேறும், எதைத் தூக்கிப்போடலாம் என்று அம்மாவிடம் பிரித்துக் கொடு. ஒன்று மறக்காதே: சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். சில மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அள.