முலுகு தொகுதியின் சீதக்கா அரசியலில் எப்படி வளர்ந்தார்?

தெலங்கானாவின் முலுகு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. காடும் சிற்றூர்களும்தான் அதிகம், மேடாரம் என்ற பழங்குடியினர் திருவிழா நடப்பதும் இந்தப் பகுதியில்தான். கோயா பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த தனசரி அனசூயா என்ற சீதக்கா, சிறு வயதிலேயே நக்சல் இயக்கத்தில் சேர்ந்தவர். 1990களில் அதிலிருந்து விலகிச் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார்.

அப்புறம் தேர்தல். தெலுங்கு தேசம் சார்பில் 2004இல் தோல்வி, 2009இல் வெற்றி, 2014இல் மீண்டும் தோல்வி. 2017இல் காங்கிரசுக்கு மாறி 2018இல் வென்றார்.

பலருக்கு அவரைத் தெரிய வந்தது 2020 ஊரடங்கின்போதுதான். வண்டி போகாத காட்டு ஊர்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி மூட்டைகளைத் தானே சுமந்துகொண்டு ஓடைகளைக் கடந்து நடந்தார். அந்த ஊர்களுக்குப் பாதையே இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. என்னைக் கேட்டால், ஒரு சட்டமன்ற உறுப்பினர் செய்யக்கூடிய மிக முக்கியமான வேலை அது.

2022இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், இடம்பெயர்ந்து வந்த கொத்திக் கோயா மக்கள் புறக்கணிக்கப்படும் நிலை. 2023இல் மறுபடியும் வென்று, ஊராட்சி, ஊரக வளர்ச்சித் துறை அமைச்சரானார்.