கோல் காப்பாளரைக் குறை சொல்லலாமா?

அன்பின் ஐயா,

எங்கள் பக்கத்து மகளிர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நாலுக்கு ஒன்று என்று தோற்ற அணியின் கோல் காப்பாளர் என் தங்கையின் மகள், எனக்கு மருமகள். விழுந்த நான்கு கோல்களில் இரண்டு அவளுடைய தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதுதான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை. கோல் காப்பதற்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு ஆளில்லை. போட்டி முடிந்த அன்றிரவே ஒருவர் அந்த முதலாவது கோலை மட்டும் வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து முகநூலில் போட்டுவிட்டார். அதற்கு மேல் நீங்களும் எழுதினால் அவள் எப்படி மறுபடி மைதானத்துக்கு வருவாள்? ஆண்களின் அளவுக்குச் செய்த கம்பங்களுக்கு நடுவே ஐந்தடி இரண்டங்குலப் பிள்ளையை நிறுத்திவிட்டுக் குறை சொல்வது நியாயமா? பெண்களுக்குக் கோலைச் சிறிதாக்க வேண்டும் என்றல்லவா நீங்கள் எழுதியிருக்க வேண்டும்? தயவுசெய்து அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி

அன்பின் ஐயா,

கடிதத்துக்கு நன்றி. அந்தக் காணொளியைப் பற்றிய உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதையும் நான் எழுதியதையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். அதை ஏற்க முடியாதபடியால், அன்று நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது கோலுக்கான பந்து ஏறக்குறைய முப்பது மீற்றர் தூரத்திலிருந்து உதைக்கப்பட்டது. அப்போது உங்கள் மருமகள் பெனால்டிப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால், கோல் கோட்டிலிருந்து ஒன்பது பத்து மீற்றர் முன்னால் நின்றார். பந்து தலைக்கு மேலால் போய் விழுந்ததும் என் பக்கத்தில் நின்றவர்கள் 'பிள்ளை கட்டை, எட்டவில்லை' என்றார்கள். நீங்களும் அதையேதான் அன்போடு சொல்கிறீர்கள். அந்த இடத்தில் ஆறடி நாலங்குல ஆண் ஒருவர் நின்றிருந்தாலும் அந்தப் பந்து தலைக்கு மேலால்தான் போயிருக்கும். ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ளவர் கையை மேலே நீட்டினால் ஏறக்குறைய ஆறரை அடி வரும். குறுக்குக் கம்பம் எட்டடி உயரத்தில் இருக்கிறது. கோட்டுக்கு அருகில் நின்றிருந்தால் மிச்ச ஒன்றரை அடியில் பெரும்பகுதியைப் பாய்ச்சல் கொடுத்திருக்கும், விரல் நுனியால் தட்டிவிட ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். தன் அணி தாக்கிக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் வந்து நின்றது சரியே. பின்களத்துக்குப் பின்னால் கிடக்கும் வெறும் இடத்தைக் காப்பதும் கோல் காப்பாளரின் வேலை. பந்து பறிபோன கணத்தில் பின்வாங்கத் தொடங்காததுதான் பிழை. பந்து உயர்ந்த பிறகும் பக்கவாட்டில் திரும்பி, காலுக்குக் கால் குறுக்கே போட்டு ஓடாமல், பந்தைப் பார்த்தபடியே குதிக்கால் வைத்துப் பின்னுக்குப் போனார். அப்படிப் போகிறவருக்கு வேகமும் வராது, பாய்ச்சலும் வராது. இவை இரண்டும் கற்றுக்கொள்ளக் கூடியவை. உயரத்தைக் கற்றுக்கொள்ள முடியாது. உயரம்தான் காரணம் என்று நான் எழுதியிருந்தால் நீங்கள் என்னோடு சண்டைக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கோலைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும். இடப்பக்கமாகத் தரையோடு வந்த பந்து அது, வேகமும் பெரிதில்லை. அவர் விழுந்த விதத்தைக் கவனித்தேன்: முதலில் முழங்கால் தரையைத் தொட்டது, பிறகு முழங்கை, கடைசியில்தான் கை பந்தை நோக்கிப் போனது. கை முன்னே போக, உடம்பு பக்கவாட்டில் சரிந்து, தொடையும் இடுப்பும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட வேண்டிய பாய்ச்சலில் முழங்கால் முந்திக்கொண்டால், பந்து கைக்குக் கீழால் கடந்துபோகும் அளவுக்கு நேரம் போய்விடும். அவர் ஏன் அப்படி விழுகிறார் என்பதை அந்த மைதானத்தில் ஒருமுறை உள்ளங்கையை ஊன்றிப் பார்த்தவர் எவரும் சொல்லிவிடுவார். கோலுக்கு முன்னால் புல் இல்லை. வெயிலில் இறுகிய தரை, மேலே சரளை. அங்கே இடுப்பைக் கொடுத்து விழுந்தவருக்குத் தோல் உரியும். ஒருமுறை உரிந்தால் மறுமுறை முழங்கால் தானாகவே முன்னால் வரும். அந்தக் கோலை அவருடைய தவறு என்று எழுதிய அதே பந்தியில் தரையையும் எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்தில் அது இடம்பெறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நமது பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் கைக்கு முதலில் வருவது வலைப்பந்து. உதைபந்தாட்ட அணி ஒன்று சேர்க்கப்படும்போது, 'பந்து பிடிக்கத் தெரிந்தவள்' என்று வலைப்பந்து ஆடிய ஒருத்தியைக் கோலுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. நெஞ்சுக்கு மேலே வரும் பந்தை அவர்கள் அழகாகப் பிடிப்பார்கள்; உங்கள் மருமகளும் அன்று அப்படி ஒரு கோர்னர் உதையை எல்லோருக்கும் மேலாக எழுந்து பிடித்தார், அதையும் எழுதினேன். ஆனால் வலைப்பந்தில் தரையில் விழுந்து பந்தெடுக்கும் பழக்கமே இல்லை. தாழ்வான பந்தில் தடுமாறும் கோல் காப்பாளரை விமர்சிப்பவர் அவர் எங்கிருந்து அந்தக் கம்பங்களுக்கு நடுவே வந்தார் என்று அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின் தவறு தவறில்லை என்று ஆகிவிடாது; அதைத் திருத்த வேண்டியவர் யார் என்பது தெளிவாகும்.

மற்ற இரண்டு கோல்களிலும் அவர் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. பின்கள வீராங்கனைகள் இருவர் ஒரே ஆளைத் துரத்தியதால் கோலுக்கு நேர் எதிரே தனியாக நின்ற இன்னொருத்தி அடித்தவை அவை. கோல் காப்பாளரின் தவறுக்கு மட்டுமே பலகையில் எண் விழுகிறது. நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்தவளை யாரும் காணொளி எடுப்பதில்லை.

கோலைச் சிறிதாக்குவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதை விளையாட்டுத் தெரியாதவர்கள் மட்டும் கேட்கவில்லை. செல்சி மகளிர் அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்த எம்மா ஹேய்ஸே இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பியிருக்கிறார். ஆனால் பெண்களுக்கென்று ஆட்டத்தைக் குறுக்கிய அனுபவம் முன்பே உண்டு. 1991இல் சீனாவில் நடந்த முதலாவது மகளிர் உலகக் கிண்ணத்தில் ஒரு போட்டிக்கு 80 நிமிடங்களே கொடுத்தார்கள். 1995இல் சுவீடனில் அது 90 ஆகிவிட்டது. 7.32 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் உயரமும் கொண்ட இதே கோலுக்குள் நின்று ஜேர்மனியின் நாடின் ஆங்கரர் 2007 உலகக் கிண்ணம் முழுவதிலும் ஒரு கோலும் விடாமல் காத்தார், இறுதிப் போட்டியில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டி உட்பட. ஐரோப்பியப் பெண்ணை எப்படி ஒப்பிடலாம் என்பீர்களானால், பங்களாதேஷின் ரங்கமாட்டி மலைப்பகுதியிலிருந்து வந்த ருப்னா சக்மா 2022, 2024 தெற்காசியச் சம்பியன்ஷிப் இரண்டிலும் சிறந்த கோல் காப்பாளராகத் தெரிவானார். நம்முடைய நடைமுறையையும் பாருங்கள்: ஆண்களும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் ஆடுகிறார்கள், இருக்கிற கம்பங்களுக்கே வலை கட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது சோடிக் கம்பத்தை யார் நடுவது? நட்டாலும், இங்கே சிறிய கோலில் பழகிய பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போனால் பெரிய கோலில்தான் நிற்க வேண்டும்.

2007இல் ஷங்காயில் ஜேர்மனி ஆர்ஜென்டினாவை 11-0 என்று வென்ற போட்டியை உங்கள் மருமகளுக்குச் சொல்லுங்கள். அன்று ஆர்ஜென்டினாவின் கோலில் நின்றவர் வனினா கொரெயா. 12ஆவது நிமிடத்தில் கோர்னர் உதையாக வந்த பந்தைத் தானே தன் கோலுக்குள் தட்டிவிட்டார். அது மறுக்க முடியாத தவறு. மீதமான பத்தும் அவர் ஒருவருடைய கணக்கில் வைக்கக் கூடியவை அல்ல. பிறகு அவர் ஆட்டத்தை விட்டு விலகினார், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார், திரும்பி வந்தார். 2019இல் பிரான்சில் நடந்த உலகக் கிண்ணத்தில், இங்கிலாந்து வீராங்கனை நிகிட்டா பாரிஸின் பெனால்டியைத் தடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பந்துகளைத் தட்டிவிட்டு, ஆட்ட நாயகியானார். அவருடைய அணி ஒரேயொரு கோலால்தான் தோற்றது. 2007ஐப் பற்றி 'கோர்னர் பந்துக்கு அவர் வந்த நேரம் பிழை' என்று எழுதிய ஒருவர் அவருக்கு ஏதோ கொடுத்திருக்கிறார். 'பதினொன்று வாங்கியவள்' என்று எழுதியவர் ஒன்றுமே கொடுக்கவில்லை.

'பெண் பிள்ளை, பாவம், விடுங்கள்' என்பவர்களிடமும் எனக்கு அதே மனத்தாங்கல்தான். சிரிப்புச் சத்தம் சேர்த்தவரும் அவர் என்ன செய்தார் என்று பார்க்கவில்லை, பாவம் பார்த்தவரும் பார்க்கவில்லை. நம்மூர் ஆண் கோல் காப்பாளர் ஒருவர் பந்தைக் கைநழுவ விட்டால் தேநீர்க் கடையில் ஒரு கிழமை பேசுகிறோம். எந்தக் கை முதலில் போனது என்பது வரை பேசுகிறோம். பெண்களின் ஆட்டத்துக்கும் அந்த அளவு கவனம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஆனால் அவருடைய பெயரையும் படத்தையும் கழகத்தின் பெயரையும் போடவில்லை. சம்பளமில்லாமல், சொந்தக் காசில் கையுறை வாங்கி ஆடும் பிள்ளையின் பெயரைத் தவறோடு சேர்த்து இணையத்தில் நிரந்தரமாக வைக்க எனக்கு உரிமையில்லை. நன்றாக ஆடிய நாளில், அவர் சம்மதித்தால், பெயரோடு எழுதுவேன். இது சமமான நியாயம் அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். இந்த மட்டத்தில் இப்படி ஒரு பக்கம் சாய்வதே சரியென்று நினைக்கிறேன்.

ஆகவே அந்த வரிகளை நீக்க மாட்டேன். காணொளியை நீக்கச் சொல்லி அதைப் போட்டவருக்கு எழுதியிருக்கிறேன். கழகத்தவர்களும் எழுதினால் பலன் இருக்கும்.

களுவாஞ்சிகுடியில் உங்களுக்குக் கடற்கரை எட்டிய தூரம்தான். மைதானத்துத் தரையில் பாயப் பழக்குவதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, மாலையில் யாராவது ஒருவர் அவரை மணலில் உட்காரவைத்து, பந்தை உதைக்காமல் கையால் பக்கவாட்டில் உருட்டிப் போடட்டும். உட்கார்ந்தபடி சரிந்து பிடிப்பது கைவந்த பிறகு முழங்காலில் நின்று, அதன்பின் குந்தியிருந்து, கடைசியில் எழுந்து நின்று. முழங்கால் முந்துகிறதா, கை முந்துகிறதா என்று பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் போதும். அதற்கு உதைபந்தாட்டம் தெரிந்திருக்கத் தேவையில்லை, மாமாவே செய்யலாம். கையுறையின் உள்ளங்கையைப் போட்டிக்கு முன் சற்று ஈரமாக்கச் சொல்லுங்கள். காய்ந்த இறப்பரில் பந்து வழுக்கும். மணலில் பழகும்போது கையுறை வேண்டாம், விரைவில் தேய்ந்துவிடும்.