நட்சத்திரத்தில் இரும்பு, சோடியம் இருப்பதை ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் எப்படிக் கண்டுபிடித்தார்?

லண்டன் டல்ஸ் ஹில்லில், தன் வீட்டு ஆய்வகத்தில், 8 அங்குலத் தொலைநோக்கியோடு, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியை இணைத்துத்தான். வேதியியலாளர் வில்லியம் மில்லர் உடன் இருந்தார்.

முதல் சிக்கல், நட்சத்திரம் வெறும் புள்ளி. முப்பட்டகத்தில் விட்டால் நூல் போன்ற ஒளிக்கோடுதான் வரும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் விட்டுச்செல்லும் கருங்கோடுகள் அதில் தெரியாது. அதனால் கருவிக்குள் ஒளி நுழையும் பிளவுக்கு முன்னால் ஓர் உருளை வில்லை வைத்து, புள்ளியைச் சிறு கோடாக நீட்டினார். நிறமாலைக்கு அகலம் கிடைத்தது. ஆனால் ஒளி பரவுவதால் மங்கும்; பிரகாசமான நட்சத்திரங்களே கைகொடுத்தன.

அடுத்தது ஒப்பீடு. உயர் மின்னழுத்தம் தரும் தூண்டுசுருளால் இரு உலோக முனைகளுக்கிடையே மின்பொறி உண்டாக்கி, அந்த ஒளியைப் பிளவின் ஒரு பாதிக்குள் திருப்பினார். மேலே நட்சத்திரம், கீழே இரும்பு, ஒரே பார்வையில். பொறியின் ஒளி சற்றே சாய்ந்து நுழைந்தாலும் கோடுகள் நகர்ந்து பொய்ப் பொருத்தம் காட்டும். இதைச் சரிசெய்வதே உண்மையான உழைப்பு. ரோகிணி, திருவாதிரை இரண்டிலும் சோடியம், மெக்னீசியம், கால்சியம், இரும்பு தெரிந்தன.

1864 ஆகஸ்ட் 29 அன்று டிராகோ விண்மீன் மண்டலத்தில் மங்கலான மேகம் போலத் தெரியும் நெபுலா ஒன்றைப் பார்த்தபோது வானவில் பட்டையே இல்லை. தனித்தனிப் பச்சைக் கோடுகள்! இப்படித் தனிக்கோடுகள் தருவது நட்சத்திரக் கூட்டமல்ல, ஒளிரும் வாயு. மிகப் பிரகாசமான கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் 'நெபுலியம்' என்ற பெயர் வந்தது. இரு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன் அது என்று 1927-ல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் காட்டினார்.