சாமக்கொடையும் கொலைப் புத்தகங்களும்

போன இதழில் உண்மைக் கொலை வழக்குப் புத்தகங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு இருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இந்த முறை இதை மட்டும் பேசுகிறேன்.

அண்ணாச்சி, நான் துப்பறியும் நாவல்தான் படித்திருக்கிறேன். நிஜமாக நடந்த கொலையைப் பற்றிப் படிக்க எதில் தொடங்கலாம்?
கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்'டில் தொடங்குங்கள் தம்பி. 1959 நவம்பர் 15 அதிகாலை, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சின்ன ஊர், சுற்றிலும் கோதுமை வயல். அங்கே கிளட்டர் என்ற விவசாயி, அவர் மனைவி, 16 வயது மகள் நான்சி, 15 வயது மகன் கென்யன் நாலு பேரையும் கட்டிப்போட்டுக் கொன்றுவிட்டுப் போனார்கள் இரண்டு பேர். கிளட்டர் வீட்டில் பெட்டகம் இருக்கிறது, பத்தாயிரம் டாலர் இருக்கும் என்று ஜெயிலில் கூட இருந்த ஒருவன் சொன்னதை நம்பி நெடுந்தூரம் கார் ஓட்டி வந்தவர்கள். கிளட்டரோ எல்லாவற்றுக்கும் செக் எழுதிக் கொடுக்கிற ஆள், வீட்டில் பெட்டகமே கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு, ஒரு ரேடியோ, ஒரு பைனாகுலர். அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரில் பெர்ரி ஸ்மித் என்பவன் பின்னால் சொல்கிற ஒரு வாக்குமூலம் இருக்கிறது. கிளட்டர் நல்ல மனிதர், மென்மையாகப் பேசுகிறவர் என்றுதான் கடைசி வரை நினைத்தேன், கழுத்தை அறுக்கிற நிமிடம் வரை அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்வான். அதைப் படித்த ராத்திரி நான் விளக்கை அணைக்கவில்லை. கோபம் இல்லை, பகை இல்லை, எதிரில் இருப்பவர் நல்லவர் என்றும் தெரிகிறது, ஆனாலும் கை நிற்கவில்லை. கொலைகாரனின் மனதைப் பற்றி இவ்வளவு நெருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முழுக்க உண்மை என்று சொல்லி வந்த புத்தகம் அது. 1965இல் இருவரையும் தூக்கிலிட்டார்கள், 1966இல் புத்தகம் வந்தது. கடைசியில் துப்பறிந்த அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் நான்சியின் தோழியைச் சந்திக்கிற காட்சி இருக்கிறதே, அது நடக்கவே இல்லை, கபோட்டி தானாகச் சேர்த்தது. அழகான காட்சிதான். ஆனால் செத்தவர்களின் கல்லறையில் வைத்துப் பொய் சொன்னது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. அப்புறம், பெர்ரியின் பால்யம், பெர்ரியின் கனவு, பெர்ரியின் காயம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது, நான்சியோ முதல் பகுதியோடு முடிந்துவிடுகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த மாதிரிப் புத்தகம் படித்தால் புத்தி கெட்டுப்போகும் என்று அத்தை திட்டுகிறார்கள். கொலைகாரர்களுக்கு என்று தனி மனம் பிறவியிலேயே அமைந்துவிடுகிறதா அண்ணாச்சி?
இல்லத்தரசி, தென்காசி

அத்தை சொல்வதில் பாதி சரி அம்மா. தூக்கம் கெட்டால், வீட்டு ஆட்களைச் சந்தேகமாகப் பார்க்கத் தோன்றினால், மூடி வைத்துவிடுங்கள், புத்தகம் எங்கும் ஓடிப்போகாது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹெர்வி கிளெக்லி என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1941இல் 'தி மாஸ்க் ஆஃப் சானிட்டி' என்று ஒரு புத்தகம் எழுதினார். பேச்சு, அறிவு, சிரிப்பு எல்லாம் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் குற்ற உணர்வு என்ற ஒன்று இருக்காது, அப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றியது. பிறகு கனடாவில் ராபர்ட் ஹேர் சிறைக்கைதிகளை வைத்து ஆராய்ந்து 20 அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மதிப்பெண், மொத்தம் 40, அங்கே 30 அல்லது அதற்கு மேல் வந்தால் சைக்கோபாத், அதாவது குற்ற உணர்வே இல்லாத அந்த வகை ஆள் என்று கணக்கு. இதைப் படித்துவிட்டு மேனேஜருக்கும் மச்சினனுக்கும் மார்க் போடாதீர்கள், பயிற்சி பெற்றவர்கள் ஆவணங்களைப் பார்த்து, மணிக்கணக்கில் பேசிப் போடுகிற மதிப்பெண் அது. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்வதும் இல்லை. கொலை செய்தவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்களும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள். நாட்டில் பதிவான கொலை வழக்கு 28,522, அதில் 9,962க்குக் காரணம் தகராறு. வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, குடும்பத் தகராறு. நான் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்து ஊரில் வாய்க்கால் தண்ணீரை மடை மாற்றிவிட்டதற்காக ஒருவர் தன் சொந்தப் பங்காளியை மண்வெட்டியால் அடித்துவிட்டார். பத்து நிமிடம். அதற்கு முந்தின வாரம் இரண்டு பேரும் ஒரே கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள். அடித்தவர் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து, போலீஸ் வருகிற வரை இறந்தவரின் தலையை மடியில் வைத்து அழுதாராம். இது எந்த மனம்? ஹேருடைய பட்டியலில் இது வராது.

இன்னொரு வகையும் உண்டு, அது இதைவிடப் பயம். பிரெஞ்சுக்காரர் எமானுவேல் கரேர் 2000இல் 'தி அட்வர்சரி' என்று இங்கிலீஷில் கிடைக்கிற புத்தகத்தை எழுதினார். ழான் கிளோத் ரோமான் என்பவர் தான் டாக்டர், ஜெனிவாவில் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை என்று 18 வருஷம் குடும்பத்தையும் ஊரையும் நம்ப வைத்தார். மருத்துவப் படிப்பில் இரண்டாம் வருஷமே தேறவில்லை. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பி, சாலையோரக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயந்திரம் வீடு திரும்புவார். சொந்தக்காரர்கள் முதலீடு செய்யச் சொல்லிக் கொடுத்த பணத்தில்தான் குடும்பம் ஓடியது. 1993 ஜனவரியில் குட்டு வெளிப்படப் போகிறது என்று தெரிந்ததும் மனைவி, இரண்டு குழந்தைகள், அப்பா அம்மா எல்லோரையும் கொன்றார். அவமானத்துக்குப் பயந்து. நம் பக்கத்தில் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று வளர்ந்த எல்லோருக்கும் அந்தப் புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கம் சுடும்.

கூடவே இருப்பவன் கொலைகாரன் என்று தெரியாமல் போகுமா?
வாசகர், வள்ளியூர்

போகும். ஆன் ரூல் முன்னாள் போலீஸ்காரர், குற்றச் செய்திகள் எழுதியே பிழைத்தவர். 1971இல் சியாட்டிலில் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் கூப்பிடுகிற தொலைபேசி உதவி மையத்தில் ராத்திரி ஷிப்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாணவன்தான், பல இளம்பெண்களைக் கொன்றவன் என்று பின்னால் தெரியவந்த டெட் பண்டி. அன்பாகப் பேசி உயிர்களைக் காப்பாற்றினான், ராத்திரி அவரைக் கார் வரை வந்து பத்திரமாக விட்டுப் போனான் என்று அவரே எழுதுகிறார். 1974இல் இளம்பெண்கள் வரிசையாகக் காணாமல் போனபோது அதைப் பற்றிப் புத்தகம் எழுத ஒப்பந்தம் போட்டார், தான் தேடுகிற ஆள் யார் என்று தெரியாமலே. 1980இல் வந்த 'தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ' அதுதான்.

சம்பவ இடத்தைப் பார்த்தே கொலையாளி எப்படிப்பட்டவன் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சொல்லிவிடுமாமே?
ஐ.டி.ஐ. மாணவர், பேட்டை

நம்புகிற அளவுக்கு இல்லை. அவர்கள் சிறைக்குப் போய் 36 குற்றவாளிகளிடம் பேசித்தான் அந்த முறைக்கு அடித்தளம் போட்டார்கள். பிடிபட்டவர்கள், பேசச் சம்மதித்தவர்கள், தன்னைப் பற்றிப் பெருமையடிக்கப் பிடித்தவர்கள். அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது? கலிபோர்னியாவில் 13 பேரைக் கொன்றவனைப் பத்திரிகையாளர் மிஷெல் மெக்நமாரா வருஷக்கணக்கில் தேடினார், 2016இல் இறந்தார், புத்தகம் 2018 பிப்ரவரியில் வந்தது. ஏப்ரலில் ஆள் பிடிபட்டான். பிடித்துக் கொடுத்தது டி.என்.ஏ.தான், தூரத்துச் சொந்தங்களின் வம்சாவளியை வைத்துத் தேடிப் பிடித்தார்கள். அவன் ஒரு முன்னாள் போலீஸ்காரன்.

ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதைப் பத்திரிகையில் போட்டது சரியா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், நாங்குநேரி

சரி என்றுதான் நினைக்கிறேன் சார். நக்கீரன் அதை வெளியிடப் போனபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள், ஏனென்றால் அதில் அதிகாரிகளோடு அவனுக்கு இருந்த தொடர்பும் வருகிறது என்று பேச்சு. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்றது. பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டினால் அந்தரங்க உரிமை மீறல் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவன் பெயர் இன்றும் எல்லோருக்கும் தெரியும். கொல்லப்பட்ட ஆறு பேரில் ஒருவர் பெயராவது நமக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை, அதுதான் உறுத்துகிறது.

வெள்ளைக்காரன் புத்தகமாகவே அடுக்குகிறீர்களே, நம் சீமையில் இப்படி ஒன்றும் இல்லையா?
பெட்டிக்கடைக்காரர், அம்பாசமுத்திரம்

இருக்கிறது அண்ணாச்சி, நிறைய இருக்கிறது, நாம் அதைப் புத்தகம் என்று நினைப்பதில்லை. ஊரில் பெரிய கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, மலிவுத் தாளில் சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்பார்கள். கொலைச்சிந்து என்று பெயர். உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டால் இரண்டு அடியாவது பாடுவார்கள்.

அதைவிடப் பெரியது வில்லுப்பாட்டு. உங்களுக்குப் பக்கத்தில் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயன் சன்னிதிக்குத் தோல் செருப்பு காணிக்கை போடுகிறார்களே, அது யார்? முத்துப்பட்டன். பிராமணப் பிள்ளை, பொம்மக்கா திம்மக்கா என்ற அருந்ததியர் வீட்டு அக்கா தங்கையைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்தவன், மாமனார் வீட்டு மாடுகளை மறிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு வஞ்சகமாகக் கொல்லப்பட்டவன். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார், கிடைத்தால் விடாதீர்கள்.

என் ஆச்சி என்னை வில்லுப்பாட்டு பாடுகிற கோவில் கொடைவிழாவுக்குக் கூட்டிப்போகும்போது நான் நடுராத்திரிப் பூஜையான சாமக்கொடைக்கு முன்பே தூங்கிவிடுவேன், வெட்டுப்படுகிற கட்டம் வரும்போது தட்டி எழுப்புவாள். குடத்தில் அடி வேகமாகும், பாடுகிறவரின் குரல் மாறும், அந்த இடத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: அங்கே பீடம் செத்தவனுக்கு, பொங்கல் செத்தவனுக்கு, பாட்டு முழுக்க அவன் பிறந்ததும் வளர்ந்ததும் ஆசைப்பட்டதும். கொன்றவன் கதையில் வருவான், அவனுக்குக் கொடை கிடையாது.

வெள்ளைக்காரர்கள் இந்த இடத்துக்கு வர ரொம்ப காலம் ஆகியிருக்கிறது. 1888இல் லண்டனில் ஐந்து பெண்களைக் கொன்றவனை ஜாக் தி ரிப்பர் என்று பட்டம் கொடுத்து நூறு வருஷத்துக்கு மேல் எழுதித் தள்ளினார்கள். ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல்தான் 'தி ஃபைவ்' எழுதினார், அந்த ஐந்து பெண்களின் வாழ்க்கை மட்டும். ஐந்து பேரும் பாலியல் தொழில் செய்தவர்கள் என்று உலகமே சொன்னது, மூன்று பேரைப் பற்றி அதற்கு ஆதாரமே இல்லை என்று காட்டினார். கொலையாளி யார் என்ற ஆராய்ச்சிக்குள் போகவே இல்லை. படித்து முடித்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது.

எங்கள் ஊரில் பல வருஷத்துக்கு முன் நடந்த ஒரு கொலையைப் பற்றி எழுத ஆசை. எப்படித் தொடங்க?
ஆசிரியை, களக்காடு

தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். விசாரணை நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கலாம், மேல்முறையீடு போயிருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்க வாய்ப்புண்டு. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, சாட்சிகள் சொன்னது எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும், டீக்கடையில் கேட்ட கதைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று முதல் நாளே தெரிந்துவிடும். பாலியல் குற்றம் சம்பந்தப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ அச்சில் வரக்கூடாது, சட்டம் அது.

சிறைக்குப் போய்க் கொன்றவனைப் பார்க்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அது கடைசியில் இருக்கட்டும். முதலில் இறந்தவர் வீட்டுக்குப் போங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். உள்ளே வரச் சொன்னால் கொலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள், சின்ன வயதில் எப்படி இருப்பார், என்ன பிடிக்கும், யாரோடு சண்டை போடுவார் என்று கேளுங்கள். அன்றைக்கு நோட்டும் பேனாவும் கொண்டு போக வேண்டாம்.