கடைசி எண்ணுக்கு மட்டும் ஏன் கட்டம்? பிழை பிடிப்பது பற்றிக் கேள்வி பதில்

திருவொற்றியூர் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில் இருபத்தாறு வருஷம் டேலி, அதாவது வந்துபோகும் பெட்டிகளின் நம்பரைக் குறித்துச் சரிபார்க்கும் வேலை, பார்த்தவன் நான். அதற்கு முன்னால், கொத்தவால் சாவடியில் மண்டிகள் இருந்த காலத்தில், அப்பாவோடு உட்கார்ந்து பேரேடு எழுதினேன். எண்களில் பிழை எப்படி நுழைகிறது, எப்படி மாட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, கன்டெய்னர் கதவில் கடைசி நம்பரைச் சுற்றி மட்டும் கட்டம் போட்டிருக்கிறதே, ஏன்? (டிரெய்லர் ஓட்டுநர், தண்டையார்பேட்டை)

அது பெட்டியின் நம்பரே இல்லை தம்பி. முன்னால் இருக்கும் 4 எழுத்துக்கும் 6 எண்ணுக்கும் காவல்காரன். ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் மறக்கவே மறக்காது.

சி எஸ் க்யூ யு 305438 என்று ஒரு பெட்டி, கட்டத்துக்குள் 3 என்று வைத்துக்கொள். எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, பி 12 என்று போகும். 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, க்யூ 28, யு 32. இப்போது முதல் இடத்தை 1-ஆல் பெருக்கு, அடுத்ததை 2-ஆல், அப்புறம் 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போ. 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096 என்று வரும். கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்தில் இருப்பதும் 3. சரி, பெட்டி உள்ளே போகலாம்.

துருப்பிடித்த கதவில் 8-இன் இடது பக்கம் உதிர்ந்து 3 மாதிரி தெரிகிறது. நீ 305433 என்று சொல்கிறாய். கூட்டல் 3625 ஆகிவிடும், மீதி 6. கட்டத்தில் 3 இருக்கிறது, எங்கேயோ தப்பு என்று கேட்டிலேயே தெரிந்துவிடும். அவசரத்தில் 43-ஐ 34 என்று மாற்றி எழுதினாலும் மீதி 10 வரும், மாட்டிக்கொள்ளும். இடத்துக்கு இடம் வேறு வேறு எண்ணால் பெருக்குவதே இந்த இடமாற்றத்தைப் பிடிக்கத்தான். சும்மா கூட்டி வைத்திருந்தால் 43-உம் 34-உம் ஒன்றுதானே.

இதிலும் ஓட்டை உண்டு. மீதி 10 வந்தால் கட்டத்தில் 0 போடுவார்கள், அதனால் 10-உம் 0-வும் கலந்துபோகும். அப்படிப்பட்ட நம்பர்களைப் பெட்டிகளுக்குக் கொடுக்காமல் விடுவதே நல்லது. இன்னொன்று, பி-க்கு 12, வி-க்கு 34. வித்தியாசம் 22, அது 11-இன் மடங்கு. ஆக, பி-யை வி என்று எழுதினால் இந்தக் கணக்குக்கு ஒன்றுமே தெரியாது. வாக்கி டாக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பார்.

அப்போ கணக்கு ஒத்துப்போனால் நம்பர் சரி என்று நம்பலாமா? (ராயபுரம்)

நம்பக்கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மழை நாள். துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் டிரெய்லர் வரிசை நிற்கிறது. நான் அப்போது வேலை பார்த்த யார்டில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். வெளியே போக வேண்டியது கீழே இருக்கிறது, என் கண்ணில் பட்டது மேலே இருந்த பெட்டியின் நம்பர். அதை எழுதினேன். கணக்குப் போட்டேன், கச்சிதமாக வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அது உண்மையான ஒரு பெட்டியின் உண்மையான நம்பர். கேட் பாஸில் இருந்த சீல் நம்பரையும் கதவில் தொங்கிய சீலையும் வைத்துப் பார்த்த பையன்தான் வண்டியை நிறுத்தினான். அவன் பார்க்காமல் விட்டிருந்தால் வேறு யாருடைய சரக்கோ ஊர் தாண்டிப் போயிருக்கும்.

காவல் எண் சொல்வது ஒன்றுதான்: இந்த நம்பர் சிதையவில்லை. இதுதான் உனக்கு வேண்டிய நம்பரா என்று அதற்குத் தெரியாது. அதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து வரும் சாட்சி வேண்டும். சீல் நம்பர் அப்படிப்பட்டது.

ஆதார் எண்ணிலும் இப்படி இருக்கிறதா சார்? (கொருக்குப்பேட்டை)

இருக்கிறது. 12-இல் கடைசி எண் வெர்ஹோஃப் முறையில் வருவது. ஒரு எண் மாறினாலும், பக்கத்து எண்கள் இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். வங்கி அட்டைகளில் இருப்பது லூன் முறை. பக்கத்து எண்கள் இடம் மாறுவதில் அது 09, 90 மாற்றத்தை மட்டும் கோட்டைவிடும்.

ஆனால் கைபேசி எண்ணில் இப்படி ஒரு காவலும் கிடையாது. ஓர் எண் தவறினால் அது இன்னொருவருடைய நம்பர், பணம் அங்கே போய்விடும். அதனால் யு.பி.ஐ.-யில் பெயர் வரும் அந்த ஒரு நொடி நின்று வாசியுங்கள். என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும் பெயர் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவரச் சொன்னது ரிசர்வ் வங்கி. நல்ல காரியம்.

0, 1 என்ற பிட்டுகளின் வரிசையில் 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் பாரிட்டி பிட் வைத்தால் பிழை இருக்கிறது என்று மட்டும்தான் தெரிகிறது. ஹாமிங் கோடு எப்படித் திருத்தவே செய்கிறது? எவ்வளவு படித்தும் மனதில் உட்காரவில்லை அண்ணா. (பொறியியல் மாணவி, வியாசர்பாடி)

மண்டிக் கணக்கிலிருந்து வா தங்கச்சி, உட்கார்ந்துவிடும்.

அப்பா தினமும் ஒரு தாளில் கட்டம் போடுவார். கீழ்வாக்கில் காய்கள், குறுக்கே வியாபாரிகள். ஒவ்வொரு வரிசைக்கும் வலது ஓரத்தில் கூட்டல், ஒவ்வொரு பத்திக்கும் அடியில் கூட்டல். ஒரு நாள் படியெடுத்த தாளில் வெங்காய வரிசையின் கூட்டல் உதைக்கிறது, மூன்றாவது வியாபாரியின் பத்தியும் உதைக்கிறது. மற்றதெல்லாம் சரி. அப்பா விரலை இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் வைப்பார். தப்பு அங்கேதான். எவ்வளவு உதைக்கிறதோ அவ்வளவு திருத்திவிட்டால் முடிந்தது, பழைய சீட்டைத் தேடவே வேண்டாம்.

ஒரே ஒரு கூட்டல் இருந்தால் தப்பு இருப்பது தெரியும். வேறு வேறு விதமாகக் குறுக்கே வெட்டும் கூட்டல்கள் இருந்தால் தப்பு எங்கே என்பதும் தெரியும். பிட்டுகளில் இன்னும் சுலபம்: இடம் தெரிந்தால் போதும், 0 என்றால் 1, 1 என்றால் 0.

கணிதர் ரிச்சர்ட் ஹாமிங் செய்தது இதைச் சிக்கனமாக்கியது. 4 தரவு பிட், 3 சோதனை பிட், மொத்தம் 7. மூன்று சோதனையும் ஒவ்வொன்றும் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று சொல்லும். மூன்று பேர் சேர்ந்தால் 8 விதமான பதில். மூவரும் ‘சரி’ என்றால் பிழையே இல்லை. மீதி 7 பதிலும் 7 இடங்களுக்கு, ஆளுக்கு ஒன்று. எத்தனை கேள்வி கேட்டால் இடம் தெரியும் என்பதுதான் முழு விஷயமும்.

அவர் வேலை பார்த்த அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வார இறுதியில் ஆளில்லாமல் ஓடிய ரிலே (மின்சார சுவிட்ச்) கணினி, பிழை கண்டால் ஹாமிங்கின் வேலையை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு அதைத் திருத்தத் தெரியாதா என்ற எரிச்சலில் பிறந்ததுதான் இது. 1950-இல் கட்டுரையாக வந்தது. இரண்டு பிட் ஒரே நேரத்தில் கெட்டால் மட்டும் இது நல்ல பிட்டைப் போய்த் திருத்திவைக்கும். அதற்காக ஏழு பிட்டையும் சேர்த்துப் பார்க்கும் பாரிட்டி ஒன்றை எட்டாவதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது ஒன்றைத் திருத்தும், இரண்டைக் கண்டுபிடித்துக் கையை உயர்த்தும்.

காசிமேட்டில் அம்மாவின் மீன் கடையில் க்யூ.ஆர். அட்டை உப்புத் தண்ணீரில் ஊறி ஒரு மூலையே போய்விட்டது. ஆனாலும் ஸ்கேன் ஆகிறதே எப்படி?

அதிலும் உபரி எழுதிவைத்திருக்கிறார்கள். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் உருவாக்கியபோதே, தொழிற்சாலை அழுக்கை நினைத்து ரீட்–சாலமன் என்ற பிழை திருத்தும் முறையை உள்ளே வைத்தார்கள். நான்கு நிலைகள் உண்டு. அதற்கேற்பத் தோராயமாக 7, 15, 25, 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீட்டெடுக்கும். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களை மட்டும் காப்பாற்றுங்கள், அவை போனால் கேமராவுக்குத் திக்கு தெரியாது. உங்கள் அட்டையில் போனது நான்காவது மூலையாகத்தான் இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாராவது அதன் மேல் தங்கள் க்யூ.ஆரை ஒட்டிவிட்டுப் போனால் எந்த ரீட்–சாலமனும் காப்பாற்றாது. அது பழுதில்லாத அட்டை, ஆள்தான் வேறு. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பற்று, வரவு இரண்டு கூட்டலுக்கும் 270 ரூபாய் உதைக்கிறது. காலையிலிருந்து தேடுகிறேன். (துணிக்கடைக் கணக்கர், பழைய வண்ணாரப்பேட்டை)

முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 30, மீதி இல்லை. அப்படியென்றால் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 1,410-ஐ 1,140 என்று எழுதியது மாதிரி. நூறு, பத்து இடங்களில் 3 வித்தியாசம் உள்ள எண்களை மட்டும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் பாதியை, அதாவது 135-ஐத் தேடுங்கள். வரவில் போட வேண்டியது பற்றில் விழுந்திருக்கும்.

எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதினால் போதாதா அண்ணே? (எண்ணூர்)

ஒரே ஆள் இரண்டு தடவை எழுதினால் ஒரே தப்பை இரண்டு தடவை எழுதுவார். ஒருவர் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவும் ஒவ்வொரு எண்ணாக. இரைச்சலில் ஐம்பதும் ஒம்பதும் ஒன்றுபோலக் கேட்கும். தொண்ணூறு, தொள்ளாயிரம் கேட்கவே வேண்டாம். எங்கள் கேட்டில் ‘அஞ்சு, பூஜ்யம்’ என்றுதான் சொல்வோம். எதிர்ப் பக்கத்திலிருந்து ‘அஞ்சு, பூஜ்யம்’ என்று திரும்பி வந்த பிறகுதான் பேனா தாளைத் தொடும்.