வரலாறு படித்தவர் கொள்கை ஆய்வு நிறுவனம் தொடங்கலாமா?

கேள்வி: வரலாற்றில் முதுகலைமாணி முடித்து, அரச பாடசாலையில் கற்பிக்கிறேன். கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்க ஆசை. சட்டமோ பொருளியலோ படிக்காதவர் சொல்வதை யார் கேட்பார்கள்? (மட்டக்களப்பு வாசகர்)

கேட்பார்கள். ஆனால் நிறுவனத்தில் தொடங்காதீர்கள், ஆய்வில் தொடங்குங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கே.எம். டி சில்வா வந்த வழி அதுதான். 1840 முதல் 1855 வரை இலங்கையில் இயங்கிய மிஷனரி அமைப்புகளையும் ஆங்கில அரசின் சமூகக் கொள்கையையும் பற்றிய அவரது ஆய்வு 1965இல் நூலாக வந்தது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு வந்த 1815 கண்டி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவில் பௌத்தத்தைக் காப்பதாக அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மிஷனரிமார் நெருக்க நெருக்க, விகாரை விவகாரங்களிலிருந்து மெல்லக் கழன்றுகொள்ளப் பார்த்தது. ஓர் அழுத்தக் குழு அரசை எப்படி அசைக்கிறது என்று பழைய கோப்புகளில் படித்தவருக்குக் கொள்கை ஆய்வு புதிய துறையே அல்ல.

1982இல் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் என்ற ஆய்வு நிறுவனத்தை உருவாக்க இறங்கியபோது அவர் பெயர் பெற்ற பேராசிரியர். தனியாகவும் இறங்கவில்லை. கூட நின்றவர் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம். நீங்களும் சட்டமோ புள்ளிவிபரமோ தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் கவலை பாதி தீரும்.

சங்கடமான பக்கமும் உண்டு. வடக்கும் கிழக்கும் தமிழரின் பாரம்பரியத் தாயகம் என்ற கோரிக்கையை டி சில்வா வரலாற்றை வைத்தே மறுத்து எழுதினார். தமிழ் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் அந்த வாதம் ஏற்பில்லை. பழைய எல்லைகளை வைத்து இன்றுள்ள மக்களின் உரிமையை அளப்பது சரியென்று படவில்லை. ஆகவே ஆவணம் சொல்வது எது, நீங்கள் பரிந்துரைப்பது எது என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள்.

சரி, எதில் தொடங்குவது? உங்கள் மாவட்டத்திலேயே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையில் மாட்டுப் பண்ணையாளருக்கும் பயிர்செய்ய வந்தவர்களுக்கும் இடையிலான பிணக்கு இருக்கிறது. வர்த்தமானிகள், நில அளவைப் படங்கள், கச்சேரி (மாவட்டச் செயலக) கோப்புகள், பண்ணையாளரின் வாய்மொழி எல்லாவற்றையும் பார்த்து ஏழெட்டுப் பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரட்டும். தமிழில் மட்டும் இருந்தால் கொழும்பில் முடிவெடுப்பவர்களில் பலர் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். இப்படி இரண்டு மூன்று வந்தபின் நிறுவனத்தைப் பதிவு செய்வது பற்றி யோசிக்கலாம். பங்குகளுக்குப் பதிலாக உறுப்பினர் ஒரு தொகைக்கு உத்தரவாதம் தரும், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்ற வடிவம் இலாப நோக்கற்ற அமைப்புக்குப் பொருந்தும். யார் பணம் தருகிறார்கள் என்பதை முதல் நாளிலிருந்தே வெளியிடுங்கள்.

அதுவரை வேலையை விடவேண்டாம். அரச ஆசிரியர் என்பதால், வெளியே எழுதுவது பற்றி அரச ஊழியருக்கான விதித்தொகுப்பான தாபனக் கோவை என்ன சொல்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.