கேளுங்கள், தட்டுங்கள்: ஞாயிறு பள்ளிப் பாடமும் இணையப் பக்கமும்

கேள்வி (நாசரேத் வாசகி): அண்ணா, எங்கள் ஞாயிறு பள்ளிப் பாடக் குறிப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்தவை. சபையின் இணையப் பக்கத்தில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது. எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் அக்கா, விரல் பாவம். பாமினியில் அடித்தால் கம்ப்யூட்டருக்குள் தமிழே கிடையாது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று நீங்கள் அடித்தது உள்ளே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது; பாமினி எழுத்துரு இல்லாத போனில் வேறு எப்படித் தெரியும்? என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன, முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் யூனிகோடாக்கி, அதாவது எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் தமிழாகவே படிக்கும் பொது முறைக்கு மாற்றித் தந்துவிடும். ஆனால் மாற்றியதை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளிதான் ‘இ’. குறிப்புக்கு நடுவே யாராவது வேறு எழுத்துருவில் காற்புள்ளியோ ஆங்கிலச் சொல்லோ அடித்திருந்தால் மாற்றிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, அதையும் தமிழாக்கி வைக்கும், வசன எண்ணுக்கு நடுவில் ஓர் ‘இ’ வந்து உட்கார்ந்திருக்கும். வசன எண்களை வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய கோப்புகளை அழிக்க வேண்டாம்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): எங்கள் சபைத் தம்பி ஒருவர் செய்து கொடுத்த பாடப் பக்கம் கம்ப்யூட்டரில் கண்ணைப் பறிக்கிறது. செய்தித்தாள் போலப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி, பின்னால் மங்கலாகச் சிலுவைப் படம், ஓரத்தில் பறக்கும் புறா. ஆனால் போனில் வாசிக்க முடியவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: முதலில் அந்தப் புறாவை விடுதலை செய்யுங்கள். பாடம் வாசிக்க வந்த பிள்ளையின் கண் அதன் பின்னாலேயே போகும்.

தம்பியைத் திட்ட வேண்டாம், அவர் பெரிய திரையில் பார்த்தபடி செய்திருக்கிறார், உங்கள் பிள்ளைகள் அம்மாவின் போனில் பார்க்கிறார்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்ற மெட்டா வரி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் போன் கம்ப்யூட்டர் பக்கத்தை அப்படியே சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு அளவுக்கு வந்துவிடும். இரண்டு பத்தியை ஒன்றாக்கச் சொல்லுங்கள். எழுத்து 18 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வரி இடைவெளியை எழுத்தளவைப்போல 1.7 மடங்கு வைக்கலாம், ஆங்கிலத்துக்கு 1.4 போதும் என்பார்கள், ஆனால் நமக்கு மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘கூ’வின் வால் என்று இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பதால் அது போதாது.

அடுத்தது, இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டுவது. புத்தகத்தில் அழகுதான், போனில் வேண்டாம். நம் வேதாகமத் தமிழில் ‘விசுவாசிக்கிறவன்’, ‘கெட்டுப்போகாமல்’ என்று நீளச் சொற்கள் வரிசையாக வரும், ஒரு வரியில் இரண்டே சொல் நிற்கும்போது நடுவில் பல் விழுந்த வாய் போல ஓட்டை தெரியும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். சிலுவைப் படத்தை எழுத்துக்குப் பின்னால் போடாமல் மேலே தனியாகப் போடுங்கள், சிலுவைக்கும் மரியாதை, வசனமும் தெரியும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மனன வசனத்தைப் பூப்போட்ட படமாகச் செய்து ஒட்டும் பழக்கம் எல்லாச் சபைப் பக்கங்களிலும் இருக்கிறது, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. கண் தெரியாத ஒரு பிள்ளை டாக்பேக் (போன் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி) வைத்துக் கேட்டால் படத்துக்குள் இருக்கும் வசனம் அதன் காதுக்குச் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. தேடினாலும் கிடைக்காது, பெரிதாக்கினால் கலங்கும். வசனம் எழுத்தாக இருக்கட்டும், பூவை மட்டும் படமாகப் போடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகி): சிறுவர் பாடத்தில் வசன எண்களை எடுத்துவிட்டால் தவறா?

பதில்: தவறில்லை. அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் வகுத்தது. இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் 1551இல்தான் போட்டார். பவுல் எண் போட்டுக் கடிதம் எழுதவில்லை. கதை வாசிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணை எடுத்துவிட்டு, முடிவில் எந்த அதிகாரம், எந்த வசனம் முதல் எதுவரை என்று ஒரே வரியில் கொடுங்கள். பெரிய வகுப்புக்கு எண் வேண்டும், இல்லாவிட்டால் வேதத்தைத் திறந்து தேடப் பழகமாட்டார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கேள்வி–பதிலாகப் பாடம் போடுவது பழைய பாணி, இப்போது வீடியோதான் எடுபடும் என்கிறார் எங்கள் வாலிபர் தலைவர். உங்கள் கருத்து?

பதில்: பழைய பாணிதான், சந்தேகமில்லை. கொல்லத்தில் 1578 அக்டோபர் 20இல் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம், அது விசுவாசப் பாடம்தான். அடுத்த ஆண்டே ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார் கொச்சியில் அச்சிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’, ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்கிற மாதிரி அமைந்த ஒரு போர்ச்சுகீசியப் பாட நூலின் தமிழ். அதற்கும் முன்னால், 1529இல், மார்ட்டின் லூத்தர் தன் சிறிய ஞானோபதேசப் பாடங்களை முதலில் சுவரில் மாட்டும் தனித் தாள்களாகத்தான் வெளியிட்டார், புத்தகம் பிறகு வந்தது. பத்துக் கட்டளைகளில் ஒரு கற்பனை, அதன் கீழே ‘இதற்கு அர்த்தம் என்ன?’, அதற்குச் சின்னப் பதில். வீட்டார் நடந்துகொண்டே வாசிக்கலாம். பக்க வடிவமைப்பு என்றால் எனக்கு அதுதான்! 1563இல் வந்த ஹைடல்பர்க் ஞானோபதேசத்தில் 129 கேள்விகள், அவற்றை 52 ஞாயிறுகளுக்குப் பங்கு போட்டு வைத்தார்கள். வருஷப் பாடத்திட்டம் தயார்.

ஆகவே தலைவரிடம் வீடியோ எடுக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எடுக்கட்டும், அதன் கீழே கேள்வியும் இருக்கட்டும். எச்.டி.எம்.எல்.லில் ‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ என்று இரண்டு குறிகள் உண்டு, ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றும் தேவையில்லை. டீடெய்ல்ஸுக்குள் சம்மரி, சம்மரிக்குள் கேள்வி, அதன் பின்னால் பதில். பிள்ளை தொட்டால்தான் பதில் விரியும். தொடுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்கள் இல்லையா, அதுதான் வேண்டும். அச்செடுக்கும்போது ஒரு வசதியும் இருக்கிறது, மூடிய பதில் தாளில் வராது. மூடிவைத்து எடுத்தால் பிள்ளைகள் தாள், திறந்துவைத்து எடுத்தால் ஆசிரியர் தாள்.

கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினா வைத்தால் பிள்ளைகளின் போன் எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டு வாங்காதீர்கள். பெயரும் வகுப்பும் போதும், அதையும் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாடத்தை யூனிகோடில் கொடுத்தால் அச்சகத்தில் கட்டம் கட்டமாக வருகிறது, பாமினியில் கொண்டு வாருங்கள் என்கிறார்கள்.

பதில்: அங்கே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது, அதற்கு யூனிகோட் தெரியாது. நீங்களே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் பக்கம் அமைத்து, எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப்.பாகக் கொடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கருக்குப் பின் வந்த இன்டிசைன் மென்பொருள் வைத்திருக்கும் அச்சகம் என்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஏ4 தாளை மடித்து நாலு பக்கம் ஆக்குவதானால் ஒரு புறம் 4, 1, மறுபுறம் 2, 3 என்று வர வேண்டும், லிப்ரே ஆபீஸ் அச்சிடும் பெட்டியில் ‘புரோஷர்’ என்பதைத் தட்டினால் அதுவே அடுக்கிக்கொள்ளும்.

கேள்வி (மதுரை வாசகி): பாடத்துக்குப் படம் எங்கே எடுக்கலாம்? ஏ.ஐ.யில் செய்யலாமா?

பதில்: குஸ்தாவ் டோரே 1866இல் வெளியிட்ட வேதாகமப் படங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை, விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கின்றன, கறுப்பு வெள்ளை என்பதால் ஜெராக்ஸிலும் தெளிவாக விழும். பிள்ளைகள் வண்ணமடிக்கவும் ஆகும். ஏ.ஐ.யில் செய்வதானால் நன்றாகப் பார்த்துப் போடுங்கள். பேதுருவின் படகு என்று கேட்டால் மூன்று பாய்மரக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் நிறுத்தும். கலிலேயாக் கரையில் 1986இல் சேற்றிலிருந்து எடுத்த, இயேசுவின் காலத்தை ஒட்டிய மரப் படகு சுமார் எட்டு மீட்டர் நீளம், இரண்டேகால் மீட்டர் அகலம். ஏ.ஐ.யோ, உங்கள் சபையில் படம் வரையும் தம்பியோ, யாரிடம் கேட்டாலும் அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.